பின்னச்சுக் கசிவியல்: ஓர் அறிமுகம்

பிக்கப் வண்டியின் பின்னச்சில் ஆயில் கசியத் தக்க இடங்கள் மூன்று: பினியன் வாய், ஹவுசிங் மூடி, சக்கர முனை. நான்காவதாக ஹவுசிங் வெடிப்பு என்று ஒன்றும் உண்டு. அதைப் பற்றி மெக்கானிக்குகள் கடைசியில்தான் பேசுவார்கள். வண்டியை விற்க வந்தவர்கள் பேசவே மாட்டார்கள்.

கசிவு குறித்து வழங்கும் கொள்கைகளில் மிகப் பழையது இருப்புவாதம். "லீக் ஆகுதுன்னா உள்ளே ஆயில் இருக்குன்னு அர்த்தம்" என்பது இதன் மூலச் சூத்திரம். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் தர்க்க நூலாரின் முறைதான் இது. அந்த அளவில் குற்றமில்லை. இடர்ப்பாடு, கசிவு நிற்கும்போது எழுகிறது. கசிவு நின்றதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம்: பழுது சரியாகியிருக்கலாம், அல்லது ஆயில் தீர்ந்திருக்கலாம். இருப்புவாதிகள் முதலாவதையே ஏற்பர். இரண்டாவது உண்மையாகும்போது உள்ளே இருக்கும் க்ரவுன், பினியன் பற்சக்கரங்கள் ஊளையிட்டு மறுப்புரை எழுதும்.

உள்ளே இருக்கும் பொருளை அறியாமல் வெளியே வருவதை ஆராய முடியாது. பிரான்ஸ் நாட்டு ஒனெசிஃபோர் பெக்கர் 1827இல் வகுத்த டிஃபரென்ஷியல், திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்தது. 1926இல் அமெரிக்காவின் பாக்கார்டு கார்கள் ஹைபாய்டு பற்சக்கரத்தைக் கொண்டுவந்தன. இதில் பினியன், க்ரவுனின் மையத்துக்குக் கீழே இறங்கி நின்று கடிக்கும். பற்கள் உருளுவதோடு சறுக்கவும் செய்வதால் சாதாரண ஆயில் தாங்காது. கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த கியர் ஆயில் வேண்டும். அதனால்தான் க்ரவுன் ஆயிலுக்கு அந்த அழுகல் வாடை. கைவிரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோவது அநாகரிகமாகத் தோன்றினாலும் கசிவியலில் அதுவே முதற்பிரமாணம். வாடையடித்தால் க்ரவுன் ஆயில். நீர்போல் மெலிந்து பெயின்ட்டை அரித்திருந்தால் பிரேக் ஆயில். உருகி வழிந்த கெட்டிப் பசையென்றால் வீல் பேரிங் கிரீஸ். மூன்றையும் ஒன்றாகக் கருதி சீல் மாற்றியவர்களின் வரலாறு நீளமானது.

சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் பொய்யானதே. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டிகளோடு வந்து நிற்கும் பிக்கப்பின் அடியில் குனிந்து பார்த்தால் இது விளங்கும். பினியன் வாயில் கசிந்த ஆயிலை ஓட்டத்தின் காற்று பின்னோக்கித் தள்ளியிருக்கும். ஹவுசிங்கின் வயிறு முழுவதும் புழுதி படிந்து, நகத்தால் சுரண்டினால் கறுப்பு அடையாகப் பெயரும். சொட்டோ பின்புற மூடியின் கீழ்விளிம்பில் தொங்கும். ஆகவே மூடியைக் கழற்றி, பேக்கிங் மாற்றி, பழியும் தீர்த்துவிடுவர். கசிவு மட்டும் தொடரும். சக்கர முனைக் கசிவுக்கு அடையாளம் வேறு: டயரின் உட்பக்கச் சுவரில் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி விசிறிய கோடுகள்.

ஐயத்தைத் தீர்க்க எளிய முறை ஒன்று உண்டு. ஹவுசிங்கை மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவித் துடைத்து, உலரவிட்டு, முகப்பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது. வெள்ளையில் முதலில் நனையும் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே ஊற்றுக்கண். மணமற்ற பவுடரே உகந்தது, கந்தக வாடை கெடாது என்பது நுண்ணாய்வாளர் கருத்து.

இனி, எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஆயில் சீல். ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் தோல் பதனிட்டுவந்த ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் 1929இல் தோலால் சீல் செய்யத் தொடங்கியது. 1930களில் அது செயற்கை ரப்பருக்கு மாறியது. இன்றைய சீலும் அதே குலம்தான்: இரும்பு வளையம், அதில் ஒட்டிய ரப்பர் உதடு, உதட்டைச் சுற்றி இறுக்கும் மெல்லிய ஸ்பிரிங். அதன் உழைப்பைக் கணக்கிட்டால் பழி சொல்ல மனம் வராது. டயரின் விட்டம் 65 செ.மீ. என்றால் சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 490 முறை சுற்றும். பினியன் அதைப்போல் நாலரை மடங்கு சுற்றினால் 2,200 சுற்று. சீல் உட்காரும் இடத்தின் விட்டம் 45 மி.மீ. என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 310 மீட்டர் உலோகம் உதட்டை உரசிப் போகிறது. சென்னையிலிருந்து மதுரை போய்ச்சேரும் வண்டியில், அந்த உரசல் மதுரையிலிருந்து திரும்பித் திருச்சிவரை வந்துவிடும் தூரம்.

இத்தனை உழைக்கும் சீலை மாற்றிய மாதமே மீண்டும் கசிந்தால், சீல் காரணமல்ல என்று கொள்வதே முறை. அப்போது முதலில் விசாரிக்க வேண்டிய பொருள் பிரீதர். ஹவுசிங்கின் மேல் சுண்டுவிரல் நுனியளவில் மூடிபோட்ட ஒரு மூச்சுத்துளை அது. சேறும் புழுதியும் அடைத்து, அப்படியொன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். காலை 30 டிகிரியில் கிளம்பிய ஹவுசிங், பாரத்தோடு மலையேறி 90 டிகிரியை எட்டினால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும்; டயர்க்கடை மீட்டரில் சுமார் 3 காட்டும். இரண்டு லிட்டர் ஆயிலும் சூட்டில் 80 மில்லியளவு பெருத்து அந்தக் காற்றை மேலும் நெருக்கும். மேலே வழியில்லாத அழுத்தம் சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். ஆறி அடங்கும்போது நிலைமை தலைகீழ்: ஹவுசிங் வெளிக்காற்றை உறிஞ்சும். அந்நேரம் வண்டி ஓடைத் தண்ணீரில் நின்றால் தண்ணீரையும் உறிஞ்சும். ஆயில் பால்விட்ட டீ நிறமாகும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பட்டறைகளில் இச்சோதனை கடைசிக்குத் தள்ளப்படுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதே இனத்தைச் சேர்ந்தது அதிக ஆயில் ஊற்றும் வள்ளன்மை. சமதரையில் நிற்கும் வண்டியில், ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு மட்டமே அளவு. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி ஊற்றினால் கூடுதலாக அரை லிட்டர் கூடப் போகலாம். போனது அனைத்தும் திரும்பி வரும்.

பிரீதர் குற்றமற்றது என்று தெரிந்தால் அடுத்தது ஷாஃப்ட். ரப்பர் இரும்பைத் தேய்க்காது என்பது பொதுநம்பிக்கை. உதட்டில் சிக்கிய புழுதி தேய்க்கும். பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில் விழும். தீர்வுகள் இரண்டு. இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நிறுத்தி உதட்டைப் புதுத் தடத்தில் ஓடவிடலாம். இல்லையேல் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டீல் ஸ்லீவை அந்த இடத்தில் போர்த்தலாம். எமரித் தாளால் தேய்த்துவிடுவது மூன்றாவது பழக்கம். ஷாஃப்ட்டின்மேல் சாய்வாக இழுத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத சாய்கோடுகள் உண்டாகி, ஷாஃப்ட் சுற்றும்போது திருகாணி மரைபோல் ஆயிலை வெளியே கடத்தும். கசிவை நிறுத்தப் போனவர் அதற்கு பம்ப் கட்டிக்கொடுத்த கதை இது.

பேரிங் தேய்ந்திருந்தால் மேற்கண்டவை எதுவும் பலிக்காது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று ஆட்டம் தெரியும். ஷாஃப்ட் கூத்தாடும் இடத்தில் எந்த உதடும் ஒட்டி நிற்காது. ஒரு டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றும் பொருளாதாரக் கொள்கை ஹவுசிங்கையே வளைத்திருந்தால், புதுப் பேரிங்குக்கும் ஆயுள் குறைவு.

சீலைப் பூட்டும் கலையில் சுத்தியலுக்குத் தேவைக்கு மேற்பட்ட மரியாதை தரப்பட்டுள்ளது. ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் தட்டி இறக்கினால் இரும்பு வளையம் கோணும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தையோ தட்டையான மரக்கட்டையையோ மேலே வைத்துச் சீராக இறக்க வேண்டும். உதட்டின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலை நோக்கியிருக்க, உதட்டில் சிறிது கிரீஸ் தடவியிருக்க வேண்டும். ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது ஸ்பிளைன் பற்கள் உதட்டைக் கீறிவிடும். ஷாஃப்ட்டின் பாரத்தைச் சீலின்மேல் சாய்க்காமல், கையால் ஏந்தி நேராக விடுவதே காப்பு.

பினியன் சீலுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அங்கே நட்டைக் கழற்றாமல் சீலை எடுக்க முடியாது. பல வண்டிகளில் அந்த நட்டின் இறுக்கமே, நசுங்கிக் கொடுக்கும் ஒரு ஸ்பேசர் வழியாக, பேரிங்குகளின் பிடிப்பையும் தீர்மானிக்கிறது. கழற்றுமுன் நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் பொட்டுக்குறி வைத்து, மரைகளை எண்ணி, அதே இடத்துக்குத் திருப்ப வேண்டும். "இன்னும் ஒரு இழுப்பு இழு" என்பவர் கசிவை நிறுத்திக் க்ரவுன் சத்தத்தைத் தொடங்கிவைப்பார்.

மூடிக் கசிவு இவற்றில் எளியது. முகத்தைச் சுரண்டித் துடைத்து, சிலிக்கான் பேஸ்ட்டை மூன்று மில்லிமீட்டர் கோடாக, போல்ட் துளைகளின் உட்புறமாகச் சுற்றி, எதிரெதிர் போல்ட்டாக இறுக்கினால் போதும். ட்யூப் முழுவதையும் பிதுக்கும் பூச்சுவாதிகளின் உபரி உள்ளே உதிர்ந்து ஆயிலில் மிதக்கும்.

சக்கர முனையில் கசிந்த ஆயில் ட்ரம்முக்குள் போயிருந்தால் பிரேக் லைனிங்கும் கெட்டதாகவே கருத வேண்டும். பெட்ரோலில் கழுவித் தீயில் வாட்டி மீண்டும் பூட்டும் சடங்கு பரவலாக உள்ளது. லைனிங் குடித்த ஆயில் அடுத்த சூட்டில் மீண்டும் மேலே வரும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரு சக்கரத்துக்கும் சேர்த்தே லைனிங் மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பவுடரில் ஈரம் தெரிந்தால் அது வெடிப்பு. பெரும்பாலும் ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தருகிலோ வெல்டிங் விளிம்பிலோ மயிரிழையாக ஓடும். எம்-சீல் அப்பி வைப்பது தற்காலிக அமைதி மட்டுமே. ஷாஃப்டுகளை உருவி, ஆயிலை வடித்து, உட்புறம் கழுவி, வெடிப்பின் இரு நுனியிலும் துளையிட்டு, அதன் பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். பற்றவைத்த சூட்டில் ஹவுசிங் கோணியிருக்கிறதா என்று லேத்துப் பட்டறையில் பார்த்த பின் புது ஆயில் ஊற்றி, பிரீதரை ஊதி, 500 கிலோமீட்டர் ஓடியதும் மட்டம் பார்க்க வேண்டும்.