வெறுஞ்சுவரும் வெற்றுத் துப்பாக்கியும்: சில ஆய்வுக் குறிப்புகள்

ஆய்வுலகம் கண்டுகொள்ளாத துறை ஒன்று நம் வீட்டுக் கூடத்திலேயே கிடக்கிறது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறவர் குண்டு போடாமல், வீட்டில் நின்று, சுவரைப் பார்த்து டிரிகரை இழுத்துப் பழகுவார். இதற்கு டிரை ஃபயர் என்று பெயர். குண்டு கிடையாது, துளை விழாது, குறி தவறியதாக எவரும் நிரூபிக்க முடியாது, ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். ஆய்வாளர்களுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் விளையாட்டு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்குச் சங்க இலக்கியத்தில் சான்று உண்டா என்று முதலில் கேட்பது மரபு. இல்லை. (இந்த ஒற்றைச் சொல்லைப் பல நூறு பக்கத்துக்கு விரித்துப் பட்டம் வாங்கிவிடலாம், ஆர்வமுள்ளோர் முந்திக்கொள்க.)

இடக்கையியல்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற துருக்கியர் யூசுஃப் டிகேச் இடக்கையைப் பையில் விட்டுக்கொண்டு சுட்டதை உலகமே வியந்தது, பிஸ்டல் சுடுகிறவர்கள் வியக்கவில்லை, அவர்களில் பலர் கையும் அங்கேதான் இருக்கும்.

பாதுகாப்பியலில் பகடிக்கு இடமில்லை. துப்பாக்கி காலிதானா என்று கண்ணால் பார்த்து, மறுபடியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். குண்டு டப்பா அடுத்த அறையில் இருக்கட்டும். பழகும் நேரத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் நடமாடக் கூடாது. எல்லாத் துப்பாக்கியும் இதற்கு இசையாது. இக்காலப் போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் காற்றை வெளிவிடாமல் டிரிகரை மட்டும் இயக்கத் தனி அமைப்பு உண்டு. ஸ்பிரிங் வகையில் குண்டில்லாமல் இழுத்தால் பிஸ்டன் முட்டிக் கெட்டுப்போகும்.

இனி குறியியல். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறக்குறைய 33 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்குறி 1 மி.மீ. விலகினால் பத்து மீட்டரில் அது 30 மி.மீ. ஆகிறது, பத்து வாங்க வேண்டியவர் ஏழு வாங்குகிறார். ஆனால் இரண்டு குறியும் நேராக நிற்க, கை மொத்தமும் 5 மி.மீ. நகர்ந்தால் இலக்கிலும் அதே 5 மி.மீ.தான். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; பத்து தப்பாது. ஆகவே கை ஆடுகிறதே என்று புதியவர் படும் கவலையில் பாதி வீண். விதிப்படி குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டிய டிரிகரை இழுக்கும்போது விரல் குறியைக் கலைக்கிறதா என்பதே கேள்வி. குண்டு போகாததால் கவனத்தை இழுக்க வேறொன்றும் இல்லை. ‘டிக்’ என்ற நொடியில் முன்குறி துள்ளியிருந்தால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். துறையின் உண்மை முழுவதும் இந்தப் பத்தியோடு முடிந்தது. ஆய்வு இனிமேல்தான் தொடங்குகிறது.

சுவரியலார் இரு கட்சியினர். வெறுஞ்சுவரே சுவர் என்பது ஒரு கட்சி: எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் கண் இலக்கைத் தேடி ஓடாது, முன்குறியிலேயே தங்கும். மற்றொரு கட்சி, சுவரில் இலக்காக ஒரு பொட்டு இல்லாமல் பழகினால் போட்டியில் கறுப்பு வட்டத்தைக் கண்டதும் மிரண்டுபோவாய் என்கிறது. கோயில் யானைக்கு எந்த நாமம் என்று வடகலையும் தென்கலையும் வழக்காடிய கதைக்கு இது எள்ளளவும் குறைந்ததல்ல.

பொட்டுக் கட்சியின் கணக்கு கறாரானது. போட்டி இலக்கின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. கூடம் மூன்றே மீட்டர் என்றால் சுவரில் அது 17.85 மி.மீ. ஆக வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்கர் பொட்டில் எது இதற்கு ஆகும் என்பதை என் ‘பொட்டும் புள்ளியும்’ நூலில் (இன்னும் எழுதவில்லை, ப. 212) ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருக்கிறேன். அம்முடிவை அதன் திருத்திய இரண்டாம் பதிப்பில் (முதற்பதிப்புக்கு முன்னதாக வரவிருப்பது) நானே கடுமையாக மறுத்திருக்கிறேன். மறுப்புக்கு மறுப்பாக நான் வாசிக்கவிருக்கும் கட்டுரையை, என்னைத் தவிர யாரும் வராத கருத்தரங்கொன்றில் ஏகமனதாக ஏற்றுக்கொள்வார்கள்.

நாட்காட்டி தொங்கும் சுவரில்தான் துறையின் பெருஞ்சிக்கல் இருக்கிறது. தினசரித் தாளில் சூலம் போட்டிருக்கிறார்கள்: ஞாயிறும் வெள்ளியும் மேற்கு, பரிகாரம் வெல்லம். அப்படியானால் வெள்ளிக்கிழமை மேற்குச் சுவரை நோக்கிச் சுடலாமா? சூலம் பயணத்துக்குத்தான், குண்டு எங்கும் பயணம் போகவில்லையே என்பார் ஒரு சாரார். குண்டு போகாவிட்டாலும் கை முழுநீளத்துக்கு மேற்கே போகிறதே என்பார் மறுசாரார். போன கை திரும்பி வந்துவிடுவதால் அதைப் பயணம் என்பதா, உலாவல் என்பதா? வெல்லத்தைச் சுடுமுன் தின்பதா, சுட்ட பின்பா? தின்ற விரல் டிரிகரில் ஒட்டினால் அந்தப் பிழையை எந்தக் கணக்கில் எழுதுவது? வியாழனுக்குத் தெற்குச் சூலம், பரிகாரம் தைலம். தைலம் பட்ட பிடி வழுக்கும் என்பதால் வியாழக்கிழமை தெற்கு நோக்கிப் பழகுவோருக்குப் பரிகாரமே சூலமாகிறது. (விரிவுக்கு: ‘பொட்டும் புள்ளியும்’, தொகுதி 4, பிற்சேர்க்கை, அந்தத் தொகுதியில் பிற்சேர்க்கை மட்டுமே இருக்கும்.)

இடக்கைக்காரருக்குச் சூலம் மாறுமா என்பது கிளைக்கேள்வி. 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்த ஹங்கேரியர் காரோலி தகாச், இடக்கையால் சுடப் பழகிக்கொண்டு 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் விரைவுப் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். எந்தத் திசை பார்த்து நின்று பழகினார் என்று நம்மவர் எவரும் இதுவரை கேட்டுக் கட்டுரை எழுதாதது வியப்பே.

மேலாய்வுக்கு உரியவை: சுவரில் பல்லி இருந்தால் அதை நகரும் இலக்காகக் கொள்வதா, பொட்டாகக் கொள்வதா, அது உச்சுக்கொட்டினால் அந்தச் சத்தத்தை ‘டிக்’ கணக்கில் சேர்ப்பதா. முனைவர் பட்டத்துக்கு உடனடியாகத் தலைப்பு தேவைப்படும் மாணவர் இதை எடுத்துக்கொள்ளலாம். சுவரைப் பார்த்து நிற்பது, பல்லியை எண்ணுவது, ஆய்வேட்டை எழுதுவது எல்லாம் மாணவர் பொறுப்பு. கட்டுரை வெளிவரும்போது வழிகாட்டியின் பெயர் முதலில் இருக்க வேண்டும்.