ஈயக் கம்பெனித் தாத்தா: கேள்வி–பதில்

கே: தாத்தா ‘ஈயக் கம்பெனி’யில் வேலை பார்த்தார் என்று அப்பா சொல்வார். எங்கே தொடங்குவது? (வாசகர், ஜெலுத்தோங்)

ப: எந்தக் கரை என்பதில். பினாங்குத் தீவில், டத்தோ கிராமட் சாலையில் இருந்தது ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங். 1897இல் லீ சின் ஹோ ‘செங் கீ’ என்ற பெயரில் ஆரம்பித்தது. 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் ஆகி, 1911இல் ஆங்கிலேய முதலாளிகள் கைக்குப் போனது. அக்கரையில், பட்டர்வொர்த்தில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் 1902இல் உலை மூட்டியது. இரண்டுமே ஈயம் உருக்கியவைதான். தாத்தா வேலைக்குச் சைக்கிள் மிதித்தாரா, ஃபெரி ஏறினாரா என்று பாட்டியைக் கேளுங்கள். பாதி ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும்.

கே: ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் ஆலையை இப்போது பார்க்க முடியுமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

ப: பல தடவை பார்த்திருப்பீர்கள். ஆலை நின்ற நிலத்தில்தான் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது. தாத்தா வெந்த இடத்தில் பேரப்பிள்ளைகள் ஏர்கானில் குளுகுளுவென்று உலவுகிறார்கள்.

கே: கம்பெனியின் பழைய கோப்புகளில் தாத்தா பெயர் இருக்குமா? (வாசகர், பிறை)

ப: பங்கு வைத்திருந்தாரா? இல்லையென்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஈயச் சுரங்க அதிபர் யூ தோங் சென் போன்ற முதலாளிகளுக்குப் புத்தகங்களே உண்டு. உலைக்கு முன் நின்றவருக்குக் கம்பெனித் தாளில் இடம் அரிது. அவரைக் கம்பெனிக்கு வெளியே தேடுங்கள். முதல் ஆதாரம் தாத்தாவுடையதல்ல, அப்பாவுடையது: பழைய பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் தொழிலையும் எழுதியிருப்பார்கள். வீட்டில் இல்லையென்றால் பதிவிலாகாவில் நகல் கேளுங்கள். ஊழியர் சேமநிதி வந்தது 1951இல். அதற்குப் பின்னும் தாத்தா வேலையில் இருந்தால், பாட்டியின் இரும்புப் பெட்டியில் ஒரு சேமநிதிக் கடுதாசியாவது கிடக்கும். அதில் முதலாளி யார் என்று தெரியும். கிறிஸ்தவக் குடும்பமா? ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். இந்துவா? கோயில் நன்கொடைக் கல்லையும் ஒரு முறை வாசியுங்கள்.

பிறகு பத்திரிகை. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது: ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் உண்டு, தமிழ் முரசும் உண்டு. கூலியாள் பெயர் அச்சில் ஏற மூன்று வழிகள் இருந்தன: விபத்து, வழக்கு, கால்பந்து. தாத்தா கோல் அடித்தவராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கே: முனுசாமி என்று தேடினால் ஒன்றுமே வரவில்லையே! (அதே வாசகர்)

ப: காதில் விழுந்ததைக் கிராணி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனிசாமி, மூனசாமி, மூனுசாமி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கிடைத்தாலும் துள்ள வேண்டாம். ஊரில் முனுசாமிகளுக்குப் பஞ்சமில்லை. அவருடைய தகப்பன் பெயரும் பொருந்தினால்தான் அவர் உங்கள் முனுசாமி.

கே: தாத்தா 1921இல் ‘ரஜூலா’ கப்பலில் வந்தார் என்கிறார் பெரியப்பா. இல்லை, 1940இல் கங்காணி அழைத்து வந்தார் என்கிறார் சித்தப்பா. யாரை நம்புவது? (வாசகி, சுங்கை பட்டாணி)

ப: இருவரையும் பாதி பாதி. ரஜூலா கட்டப்பட்டதே 1926இல். பயணச் செலவு கொடுத்துக் கூலியாட்களை மலாயாவுக்குக் கூட்டிப்போவதை இந்திய அரசு நிறுத்தியது 1938இல். பெரியப்பாவின் கப்பலும் சித்தப்பாவின் கங்காணியும் நிஜமென்றால், இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் தேடுங்கள். ஆண்டை மட்டும்தான் இருவரும் கோட்டை விட்டார்கள்.

கே: எங்கள் தாத்தா ஈயக் கம்பெனியில் மேனேஜராம். எப்படி உறுதி செய்வது? (வாசகர், பட்டர்வொர்த்)

ப: அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் வந்த சிங்கப்பூர், மலாயா டைரக்டரிகளில் கம்பெனி வாரியாகத் துரைமார் பெயர்கள் இருக்கும், சில இடங்களில் கிராணிமார் பெயரும் உண்டு. மேனேஜரை விட்டிருக்க மாட்டார்கள். அங்கே இல்லையென்றால், பதவி உயர்வு கொடுத்தது கம்பெனி அல்ல, உங்கள் அத்தைமார்.

கே: வீட்டில் ‘எஸ்காய்’ முத்திரை போட்ட ஈயக்கட்டி ஒன்று இருக்கிறது. இது சாட்சி ஆகாதா? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

ப: எஸ்காய் என்பது ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங்கின் முத்திரைதான். ஆனால் அது உலகச் சந்தைக்கே போன சரக்கு. கட்டி அந்த ஆலையில் பிறந்தது என்று சொல்லலாம். தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்று சொல்ல முடியாது. கம்பெனி கொடுத்ததா, அவராகவே கொண்டுவந்ததா என்பதை மட்டும் கல்யாண வீட்டில் கேட்டு வைக்காதீர்கள்.