புது ரகம்

மூலனூர்ப் பக்கம் எங்கள் கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, எட்டு ஏக்கர். அப்பாரு காலத்தில் அங்கே 'ரகம்' என்று எதுவும் கிடையாது. கொழுக்கட்டைப் புல் இருந்தது. யாரும் விதைத்ததில்லை, யாரும் மெச்சியதுமில்லை. கிளுவை வேலி போட்டுக் காட்டை நாலு துண்டாக்கியிருந்தார். ஒன்று மேய்ந்து தீர்ந்தால் அடுத்ததன் படலைத் திறப்பார். திறக்குமுன் ஒரு புல்தூரைப் பிடித்து இழுப்பார். வேரோடு வந்தால் ஆடு காத்திருக்க வேண்டும். தாள் மட்டும் அறுந்தால் உள்ளே விடலாம். சித்திரையில் புல் காய்ந்தால் வெள்வேல் காய் உதிரும். அது விழும் சத்தத்துக்கு மேச்சேரி ஆடுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் தலை திருப்பும்.

நான் படித்தவன். நோட்டில் கட்டம் போட்டேன். 2008-இல் வந்த கம்பு நேப்பியர் கோ-4: ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன். நீலக் கொழுக்கட்டை கோ-1: சுமார் 40 டன். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அப்பாரு நோட்டை வாங்கிப் பார்த்தார். "தண்ணிக்கு ஒரு கட்டத்தைக் காணமே கண்ணு?"

இரண்டு ஏக்கரை உழுது கரணை நட்டேன். எழுபத்தைந்தாம் நாள் முதல் அறுப்பு. ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஆடுகள் தோகையைத் தின்றுவிட்டு, கட்டைவிரல்போல் தடித்த தண்டை மிதித்துப் படுத்தன. நறுக்கிப் போட மெஷின் வாங்கினேன். அப்பாரு கேட்டார்: "ஆட்டுக்குத்தான் பல்லு இருக்குதல்லோ?"

புல்மேல் குற்றமில்லை. கிணற்றில் தண்ணீரும் கட்டுத்தரையில் கறவையும் உள்ளவனுக்கு அது பொன். என் போர்வெல்லோ இரண்டாம் கோடையில் காற்றை இறைத்தது. ஆடுகள் வேலிச் சந்தில் புகுந்து பக்கத்துக் காட்டுக்குப் போயின.

"மாப்ள, உங்க ஆடு ரெண்டு புல்லையும் ஒத்துப் பாக்குதாட்ட இருக்குது" என்றார் அந்தக் காட்டு மாமா.

இந்தப் புரட்டாசியில் கொழுக்கட்டை விதையைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்கினேன். பஞ்சாய்ப் பறக்கும் என்பதால் ஈர மணலில் பிசைந்து, நான் உழுது அழித்த இடத்திலேயே தூவிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள வெதைக்கற?"

"புது ரகமுங்க மாமா."

பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஊதினார். அதுவும் அவர் காட்டுப் பக்கமே பறந்து போனது.