தலை வாரிக்கொள்ளலாம்

அந்தக் கறுப்பு வண்டியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சாயந்திரம் ஏழு மணிக்கு, கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, பழைய கார் விற்கும் ஒரு கொட்டகையில். விற்பவரின் கரிசனம் ஃபோனிலேயே தெரிந்துவிட்டது. "பகல்ல எதுக்கு சார் வெயில்ல அலையறீங்க, பொழுது சாய வாங்க" என்றார். இந்த ஊரில் வாங்க வருகிறவனின் உச்சந்தலையைப் பற்றிக் கவலைப்படும் வியாபாரி வேறு யார் இருக்கிறார்கள்?

கொட்டகையில் வரிசையாக ட்யூப்லைட். பானெட்டில் அத்தனை விளக்கும் பால்போல வழிந்துகொண்டிருந்தது. "கண்ணாடியே வேணாம் சார், இதுல தலை வாரிக்கலாம்" என்றார். குனிந்து வாரிக்கொண்டேன். என் வழுக்கைகூடச் சற்றுக் குறைவாகவே தெரிந்தது. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அந்த வண்டிக்கு மெருகு போட்டவர் ஒரு மேதை என்பது மூன்றாவது ஷாம்பு வாஷில்தான் புரிந்தது. சாதாரணத் தொழிலாளி கீறலை எடுப்பான். அது முரட்டுத்தனம். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டின் கனம் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். கீறலை நிஜமாகவே போக்க வேண்டுமானால், அதன் அடி வரைக்கும் சுற்றியுள்ள பூச்சையும் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து இறக்க வேண்டும். ஒவ்வொரு ரப்பிங்குக்கும் சில மைக்ரான் போனது போனதுதான். இவருக்கு அந்தப் பாவம் செய்ய மனம் வரவில்லை. கீறல்களை அதனதன் இடத்திலேயே வாழவிட்டு, எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷை உள்ளே அடைத்து, மேலே ஒரு துடைப்புத் துடைத்திருந்தார். ஷாம்பு பட்டதும் பசை கரைந்தது. பொங்கல் லீவு முடிந்து விடியற்காலை வந்திறங்கும் கூட்டம்போல, கீறல்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தன.

அடுத்த ஞாயிறு காலை, பத்து மணி வெயிலில் வண்டியைப் பார்த்தேன். பானெட்டில் தெரிந்த சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை. வெள்ளைக் கார்க்காரர்களுக்கு இந்தக் காட்சி கிட்டாது. கீறலின் விளிம்பில் வெளிச்சம் பட்டால் வெள்ளையாகத்தான் மின்னும். வெள்ளையில் வெள்ளை யார் கண்ணுக்குத் தெரியும்? கறுப்பில்தான் அது கோலமாகும். ட்யூப்லைட்டின் பரவலான வெளிச்சத்தில் கண்ணில் படாத கலை அது. இதில் பஃப் மெஷின் இழுத்த சுழிகள் வேறு, இலவச இணைப்பாக.

கீறல்களும் அப்படியொன்றும் அனாதைகள் அல்ல, குலம் கோத்திரம் உள்ளவை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருப்பது இந்த வகைக் கல். அவர் பெயராலேயே அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார்கள். பரங்கிமலையில் இருப்பது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற அந்தஸ்தும் பெற்றிருக்கிறது. அதில் குவார்ட்ஸ் உண்டு. கிளியர் கோட்டை இழைப்பதற்கு அது தாராளம். அப்பேர்ப்பட்ட கருங்கல்லின் தூளை, தார்ப்பாய் போட்டு மூடி மறைக்காமல், பின்னால் வருகிற எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்படி தூவிக்கொண்டே போகும் லாரிகளின் ஈகையை என்னவென்று சொல்ல!

லாரி தூவியதை வண்டி முழுக்கச் சீராகத் தேய்த்துவிடும் ஏற்பாட்டை எங்கள் குடியிருப்புச் சங்கம் செய்து வைத்திருக்கிறது. விடியற்காலையில் ஒரு தம்பி வருகிறார். ஒரு வாளி, ஒரு துணி, பதினான்கு கார். முதல் காரின் மண் பதினான்காவது கார் வரை பாரபட்சம் இல்லாமல் போய்ச் சேரும். "இன்னொரு துணி வாங்கிக் குடுங்க சார்" என்று அவர் கேட்டது மூன்று கூட்டங்களாகப் பரிசீலனையில் இருக்கிறது. லட்சக்கணக்கில் வண்டி வாங்கத் தெரிந்தவர்கள் துணி விஷயத்தில் அவசரப்பட மாட்டோம். அந்தச் சங்கத்தில் நானும் செயற்குழு உறுப்பினன்.

பிறகு செராமிக் கோட்டிங் போட்டேன். "9எச் சார், வைரத்துக்கு அடுத்தது" என்றார் கோட்டிங்காரர். அந்த 9 பென்சில் கணக்கு என்ற சின்ன விவரத்தைச் சொல்லி என்னைக் குழப்ப அவர் விரும்பவில்லை. 9எச் பென்சிலால் அழுத்தி இழுத்தாலும் கோடு விழாது என்பதுதான் அதன் பொருள். உண்மையிலேயே இதுவரை ஒருவர்கூட என் வண்டிமேல் பென்சிலால் கோடு போடவில்லை. சாவியாலும், ஸ்கூட்டர் ஹேண்டில்பாராலும், மார்க்கெட் சந்தில் கீரைக் கட்டு வைத்த கூடையாலும்தான் போட்டார்கள். அடியில் இருந்த பழைய கீறல்களை எடுக்காமலே அதற்கு மேல் கோட்டிங் போட்டிருந்தார். ஆகவே மூன்று வருஷ வாரண்டி கீறல்களுக்கும் சேர்த்துத்தான். அட்டையின் அடியில், தண்ணீர்க் கறை வாரண்டியில் சேராது என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீர். வெயிலில் காய்ந்த கறுப்புத் தகட்டில் அது தெறித்து உலர்ந்தால் சுண்ணாம்பு வட்டங்கள் விழும், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்த மாதிரி.

போன மாதம் வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, கொட்டகைக்காரரிடம் கேட்டு அந்த மெருகுக்காரரைத் தேடிப் போனேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யார் சார் இதைக் கெடுத்தது?" என்றார் வருத்தமாக. எதிர்வாதம் செய்யவில்லை. "போன தடவை போட்டதையே போடுங்கண்ணே" என்றேன். அரை நாளில் முடித்துக் கொடுத்தார். கார் ஷெட்டில் ட்யூப்லைட் இரண்டு மாட்டிவிட்டேன். நிழலில் நின்ற வண்டி, ஒரே கை.

பார்க்க விரும்புகிறவர்கள் சாயந்திரம் ஆறரை மணிக்கு மேல் வரலாம். பகலில் வெயிலில் அலைய வேண்டாம். சீப்பு நானே வைத்திருக்கிறேன்.