சக்திமான் முதல் அத்தியாயம்: ஒரு பாயிர விசாரம்

1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 13, சனிக்கிழமையன்று தூர்தர்ஷனில் உதயமான ‘சக்திமான்’ தொடரின் முதல் அத்தியாயத்தைப் பற்றி விரிவான ஆராய்ச்சியொன்று தமிழில் இதுகாறும் வெளிவராதிருப்பது, ஒரு பரணி எந்த வருஷம் பாடப்பட்டதென்று ஆயுள் முழுதும் வழக்காடவல்ல நம் பண்டித உலகத்துக்குப் பெருமை தருவதாகாது. அக்குறையைப் போர்ட் பிளேயரிலிருந்தபடி தீர்க்கத் துணிந்தேன். மெயின்லேண்டுப் பண்டிதர்கள் கப்பலேறி வந்து மறுப்பதற்கு ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும் என்பதும் இத்துணிவுக்கு ஒரு காரணம்.

பாயிரத்துக்கு நன்னூலார் வகுத்த பதினொன்றையும் முறையே காண்போம். ஆக்கியோன்: முகேஷ் கன்னா. யாப்பு: சுழற்சி. வழி: மகாபாரதம், என்னையெனின், நாயகனாகவும் நடித்த அவர் முன்பு பி.ஆர். சோப்ராவின் பாரதத்தில் பீஷ்மராகவும், பகைவன் தம்ராஜ் கில்விஷாக வரும் சுரேந்திர பால் அதிலேயே துரோணராகவும் நடித்தவர்களாதலால், குருக்ஷேத்திரத்தில் ஒரே சேனைக்கு அடுத்தடுத்துத் தலைமை பூண்ட இருவர் தம் பழைய மனஸ்தாபத்தைத் தீர்த்துக்கொள்ள வாய்த்த இடம் இதுவென்பது வெளிப்படை. கேட்போர்: பதின்பருவத்தாரும் அவர் தம்பி தங்கையரும், நாயகனுக்கு அப்போது பிராயம் 39.

நூற்பெயரினும் ஆழமுடையது நாயகனின் மறுபெயர். பண்டித கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி என்று அது நீள்கிறது. ‘பண்டித’ என்று தொடங்கி ‘சாஸ்திரி’ என்று முடியும் இம்மூக்குக்கண்ணாடிக்காரர், உலகுக்கு உபகாரமான எந்தக் காரியத்தைச் செய்வதற்கு முன்னும் பண்டிதராயிருப்பதை நிறுத்திக்கொள்கிறார் என்பதன் உட்பொருளை ஒரு பண்டிதரும் இன்றளவும் விவரிக்க முன்வரவில்லை.

இனி, காலம். இதுவே இவ்வாராய்ச்சியின் ஜீவன். சக்திமானைத் தவத்தால் உருவாக்கியவர்கள் சூர்யான்ஷி ரிஷிகள்; ஆதலின் அவன் பலம் சூரியனைப் பொறுத்ததென்று கொள்க. பாரத தேசத்தின் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைப் பற்றி ஓடுகிறது. சென்னை அதற்கு மேற்கே 80¼ பாகையிலும், போர்ட் பிளேயர் கிழக்கே ஏறத்தாழ 92¾ பாகையிலும் கிடக்கின்றன. பாகைக்கு நான்கு நிமிஷமாகக் கணக்கிட்டால், ஒரே கடிகாரத்தில் ஒரே அத்தியாயத்தைக் கண்ட இரு சிறுவர்களுள், போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் இருந்தவனுக்குக் கிட்டிய சூரியன் வியாசர்பாடிச் சிறுவனுடைய சூரியனைக் காட்டிலும் ஐம்பது நிமிஷம் முதிர்ந்தது; ஆகவே அவன் கண்ட சக்திமானும் அம்மட்டில் பலம் மிக்கவன். இதனை ‘ஏணிப்படி விருத்தி’ உடன்படுகிறது. ‘ஆன்டெனா திருப்பு படலம்’ மறுக்கிறது: அஸ்தமனமும் ஐம்பது நிமிஷம் முந்துமன்றோ, மார்கழியில் ஐந்து மணிக்கே விளக்கேற்றும் ஊரில் இருளையே வேண்டி நிற்கும் கில்விஷுக்கன்றோ லாபம் என்பது அதன் ஆட்சேபம். இதற்குச் சமாதானமாக, ‘மொட்டைமாடி உரை’யின் கரையான் தின்று எஞ்சிய மூன்றாம் ஏட்டின் ஓரத்தில், பிற்காலத்தார் எவரோ பென்சிலால் ‘இல்லை’ என்று எழுதியுள்ளார். அச்சொல் ஆட்சேபத்தை மறுத்ததா, படம் தெரியவில்லை என்று கீழே நின்றவருக்குச் சொன்னதா என்பது பற்றி மூன்று கட்சிகளும், ஒரு கட்சிக்குள் இரண்டு பிளவும், ஓர் ஓய்வூதிய வழக்கும் உண்டு.

தீவுகளின் உரிமையை நிலைநாட்ட வேறொரு பிரமாணமும் கைவசம் இருக்கிறது. 2000 ஜனவரி 1 அன்று புத்தாயிரத்தின் முதற் கதிர் இந்திய மண்ணில் விழும் இடமென்று பறைசாற்றப்பட்டது நிக்கோபாரின் கச்சால் தீவு. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த நம்மவர் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியதும் அங்கேதான். சூரியனைச் சங்கப் பாட்டுகளில் மாத்திரமே தேடுவோர் இதைக் கவனிப்பாராக.

மொழி பதினொன்றில் அடங்காதெனினும் ஒன்று சொல்ல வேண்டும். தொடர் ஹிந்தியில் வந்தது. மெயின்லேண்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அதைப் பொருள் தெரியாமல் பார்த்து, ஆளுக்கொரு கதை சொல்லி, அன்றே உரையாசிரியர்களாயினர். இங்குள்ள பிள்ளைகளுக்கோ கடைத்தெருவில் கேட்டுப் பழகிய பாஷை; எல்லாம் விளங்கிவிட்டபடியால் அவர்களுள் ஓர் உரையாசிரியரும் தோன்றவில்லை. இத்தீவுகளின் கல்வி வளர்ச்சிக்கு இது பெருந்தடை.

கீதா விஸ்வாஸ் பாத்திரத்தில் முதலில் கிட்டு கித்வானியும் பின்னர் வைஷ்ணவி மஹந்தும் தோன்றுவது பாடபேதம். பின்னதே மூலபாடம் என்று சாதிக்கவும் ஆளுண்டு. எல்லை, களன், காரணம், பயன் முதலியன இரண்டாம் பாகத்தில் விரியும். அத்தியாயத்துக்குள் என்ன நடந்ததென்று சிலர் கேட்கக்கூடும். அது ஆராய்ச்சிக்குப் புறம்பானது, பார்த்த பிள்ளைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்க.