கையில் காசு, தலைக்கு மேல் தகரம்

கேள்வி: ஏழைகளுக்குச் சும்மா பணம் கொடுத்தால் குடித்தே அழித்துவிட மாட்டார்களா?

பதில்: மாட்டார்கள்! கென்யாவின் ராரியேடா பகுதியில், 2011-ல் தொடங்கி, புல் வேய்ந்த கூரைவீட்டு ஏழைக் குடும்பங்களுக்கு ‘கிவ்டைரக்ட்லி’ அமைப்பு எம்-பெசா என்ற பணப் பரிமாற்றச் சேவை மூலம் செல்போனுக்கே பணம் அனுப்பியது. எந்த நிபந்தனையும் இல்லை. ஆய்வாளர்கள் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். சாராயத்துக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. கூடியது சாப்பாடும் ஆடுமாடும். புல்லுக்குப் பதில் தகரக் கூரை ஏறியது. அடிக்கடி கூரை மாற்றும் செலவு மிச்சம், மழைக்கும் ஒழுகாது. பட்டினி குறைந்தது, மனம் தெளிந்தது. வீட்டில் எது ஒழுகுகிறது என்பது அதற்கடியில் படுப்பவர்களுக்குத்தானே தெரியும்? ஏழையிடம் இல்லாதது பணம்தான். புத்தி நிறையவே இருக்கிறது. எனவே, இல்லாததைக் கொடுப்போம், இருப்பதை நம்புவோம்!