பிரம்ம முகூர்த்தத்தில் ரவிக்கை அளவு

‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்தப் புதிய தளத்துக்கு மாறியிருக்கிறோம்’ என்று மின்னஞ்சல் வந்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் ஊரில் ஒருவர் நம் அனுபவத்தை மேம்படுத்தக் கிளம்பினால் பர்ஸையும் பழைய ரசீதையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்குச் சித்திரை 14, அதாவது ஏப்ரல் 27-இல் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்கு ஆரி வேலை போட்ட ரவிக்கை வேண்டும். மின்னஞ்சல் அனுப்பியவர்கள் இணையத்தில் அதற்குக் கடை நடத்துகிறவர்கள்; அளவெடுக்க மட்டும் முன்பதிவு செய்துகொண்டு நேரில் போக வேண்டும். பிப்ரவரியிலேயே 2,000 ரூபாய் முன்பணம் கட்டி 05/04, காலை 10.30 என்று பதிந்துவிட்டேன். தளம் மாறிய பிறகு வந்த ‘உறுதிப்படுத்தல்’ சொன்னது: மே 4, காலை 5.00 மணி.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பால்காரர் வருவதற்கும் முன்னால், பிரம்ம முகூர்த்தத்தில் என் மகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஒருவர் டேப்பைப் பிடித்து அளக்கப் போகிறார்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பழைய தளம் தேதியை முதலில் எழுதும். புதியது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். ஏப்ரல் 5, மே 4 ஆயிற்று. ஏப்ரல் 25-க்குப் பதிந்திருந்தால் ‘25-ஆவது மாதமே கிடையாது’ என்று கணினி முரண்டு பிடித்திருக்கும். 12-க்கு உட்பட்ட தேதிகள்தாம் சத்தமில்லாமல் இடம் மாறும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்தார்கள், சரி. எங்களுக்குக் காட்டும்போது இந்தியாவின் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தார்கள். பத்தரை, ஐந்து ஆயிற்று. பழைய பட்டியலில் பத்துப் பேரை எடுத்துப் புதியதோடு ஒத்துப் பார்த்திருந்தால் டீ ஆறுவதற்குள் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒத்துப் பார்க்கவில்லை. அதற்குத்தான் சம்பளமில்லாத வேலையாட்களாக நாங்கள் இருக்கிறோமே!

சரி, நாமே மாற்றிக்கொள்வோம் என்று உள்ளே போனால், பழைய கடவுச்சொல் செல்லாது. புதுக் கணக்கு தொடங்கினால், ‘குடும்பப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து.’ அப்பா பெயரின் ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு அறுபது வருடம் ஓட்டியாயிற்று. ஒரு ரவிக்கைக்காகச் சாதிப் பட்டத்தைத் தேடச் சொல்கிறார்களா? அப்பாவின் முழுப் பெயரையும் போட்டேன். ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. வரவில்லை. பிறகுதான் திரையின் மூலையில் என் கைப்பேசி எண்ணைப் பார்த்தேன்: 9.19ஈ+11. 91 சேர்த்த 12 இலக்க எண்களை எக்செல்லில் திறந்து யாரோ அப்படியே சேமித்திருக்கிறார்கள். என் எண் மட்டுமா இப்படி ஆகியிருக்கும்?

கடைக்குப் போன் போட்டேன்.

“சிஸ்டத்துல மே 4-தான் காட்டுது, மேடம்.”

“தம்பி, கல்யாணமே ஏப்ரல் 27.”

“அதைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதுங்களா, மேடம்?”

பாவம், அந்தப் பையன் கேலி செய்யவில்லை. மாற்றும் பொத்தான் அவன் கையிலும் இல்லை. ஏன் தளம் மாறினீர்கள் என்று கேட்டேன். பழையதற்கு மாதச் சந்தா அதிகமாம்; புதியதில் முதல் ஆறு மாதம் இலவசமாம். இலவசம் அவர்களுக்கு. அந்த ஆறு மாதக் காசைத்தான் நான் என் ரத்தக்கொதிப்பில் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

“சின்னக் கடைதானே, விடு” என்றார் வீட்டுக்காரர். பெரிய இடங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறை பழைய தளத்திலிருந்து புதியதற்கு மாறியது. இன்ஃபோசிஸ் செய்தது, 4,242 கோடி ரூபாய்த் திட்டம். கணக்கைப் பரிசீலிக்கும் 63 நாளை ஒரே நாளாக்குவது நோக்கம். முதல் நாளிலிருந்தே கோளாறு. ஆகஸ்ட் 21-இல் தளமே படுத்துவிட்டது. 23-ஆம் தேதி நிதியமைச்சர் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை நேரில் வரவழைத்து விளக்கம் கேட்டார். கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அமைச்சருக்குக் கூப்பிட ஒரு ஆள் இருந்தார். கடைசி நாளைத் தள்ளிவைக்க அரசால் முடிந்தது. எனக்கு வாய்த்ததோ ‘இந்த முகவரிக்குப் பதில் எழுதாதீர்கள்.’ முகூர்த்தம் தள்ளிப்போகாது.

பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் சொந்தப் பணத்துக்கு வெளியே நின்றார்கள். செப்டம்பரில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022 டிசம்பரில் வங்கிக்கு ஏறக்குறைய 4.87 கோடி பவுண்ட் அபராதம். நாலரை வருடம் தாமதம்தான். ஆனாலும் பில் போக வேண்டிய விலாசத்துக்குப் போனது.

எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணனும் ஒரு தடவை தளம் மாறியவர்தான். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் கடையை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோனார். பழைய ஷட்டரில் அம்புக்குறி போட்டு அட்டை ஒட்டினார். படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று, மச்சானை ஒரு மாதம் அந்த வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். வாங்கி வைத்திருந்த துணியையெல்லாம் பழைய இடத்திலேயே தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் புது இடத்தில் புதுத் துணி வாங்கினார். அளவு நோட்டை லாரியில் ஏற்றவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனார். பக்கத்துக்குப் பக்கம் அளவும், அந்தந்தத் துணியின் நறுக்கும் பின் அடித்திருக்கும். இவ்வளவையும் ஆங்கிலப் பெயர் சூட்டி, படம் போட்டு விளக்க, மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தைக்கூட வாங்காத கடையில் போய் மாட்டிக்கொண்டேன்.

அண்ணனே தைத்துக் கொடுத்தார். நாள் போதாமல் ஆரி வேலை கழுத்தோடு நின்றது. கைகள் வெறுமையாக இருந்தன. புகைப்படத்தில் தெரியாது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரிகிறது.

மகள் புகுந்த வீட்டுக்குப் போன பிறகு, மே 4 அன்று மின்னஞ்சல் வந்தது: ‘நீங்கள் வரவில்லை. விதிப்படி 500 ரூபாய் பிடித்தம்.’ வந்த நேரம் காலை 10.45. பணம் பிடிக்கும் பகுதிக்கு மட்டும் அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டத் தெரிந்திருக்கிறது!

மீதி 1,500 ரூபாயைத் திரும்பப் பெற உள்நுழைய வேண்டுமாம். ஓடிபி இப்போதும் 9.19ஈ+11-க்குத்தான் போகிறது. அந்த எண்ணில் யாராவது குடியிருந்தால், புண்ணியமாகப் போகும், அந்த ஆறு இலக்கத்தைக் கொஞ்சம் எனக்குச் சொல்லுங்கள்.